கால் தரையில் படும் நாற்காலி

1

நான் நெதர்லாந்துக்கு வந்து பதினோரு வருஷம் முடிந்த அன்றைக்குக் காலையில் அலுவலகத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. வாழ்த்துச் செய்தி என்று நினைத்துப் பல்லை இளித்துக்கொண்டு திறந்தேன். எனக்கு எப்போதுமே இந்த நப்பாசை உண்டு.

வீட்டிலிருந்து வேலை செய்கிற எல்லோருடைய பணியிடத்தையும் நேரில் வந்து பார்ப்பார்களாம். அலுவலகம் கொடுத்த மேஜை நாற்காலியில் விதிப்படி உட்கார்ந்துதான் வேலை செய்கிறோமா என்று அளப்பார்களாம். சரியாக இல்லாவிட்டால் வீட்டிலிருந்து வேலை செய்யும் அனுமதி ரத்து, வாரம் ஐந்து நாளும் அலுவலகத்துக்கு வர வேண்டும். கடைசி வரியில், உங்கள் முதுகின் மீது எங்களுக்கு அக்கறை உண்டு என்று வேறு போட்டிருந்தது.

படித்துவிட்டு என் பணியிடத்தைப் பார்த்தேன். அங்கே நாற்காலியே இல்லை. மேஜை இருந்தது, ஆனால் அதன் ஒவ்வொரு காலிலும் பாதிக்கு மேல் இல்லை. அறுத்தது நான்தான்.

ஊரில் இருக்கிறவர்களுக்குப் புரிகிற மாதிரி சொல்கிறேன். ரோட்டர்டாம் துறைமுகத்துக்கு வரும் சரக்குகளின் காகிதங்களைச் சரிபார்ப்பது என் வேலை. எந்தப் பெட்டியில் என்ன இருக்கிறது, எங்கிருந்து வந்தது, கையெழுத்து இருக்கிறதா, முத்திரை இருக்கிறதா. ஒரு காகிதம் தப்பினால் கப்பலில் வந்த வாழைப்பழம் துறைமுகத்திலேயே அழுகும். நாங்கள் இருப்பது அங்கிருந்து ரயிலில் ஒன்றரை மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊர். என் கணவர் சேகர் ஒரு கிடங்கில் வேலை செய்கிறார், சாயங்காலம்தான் திரும்புவார். மகள் யாழினிக்குப் பதினாலு வயது. மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்து பையை வீசுவாள். அந்த நேரத்தில் நான் வீட்டில் இருந்தால் அரைமணி நேரம் என் பக்கத்தில் உட்கார்ந்து பேசுவாள். நான் இல்லாவிட்டால் அந்த அரைமணியும் ஃபோனுக்குப் போய்விடும். ஒரு நாளில் என் மகள் வாயிலிருந்து எனக்குக் கிடைக்கிற தமிழ் அவ்வளவுதான். அதை நான் எந்த அலுவலகத்துக்கும் விட்டுக்கொடுப்பதாக இல்லை.

அந்த மூலையையும் விடுவதாக இல்லை. மாடிப்படிக்குக் கீழே, ஜன்னலை ஒட்டி, ஆறடிக்கு நாலடி இடம். மூங்கில்துறைப்பட்டுக்குப் பக்கத்து ஊரில் எங்கள் வீடு ஒரே அறை, நாங்கள் ஐந்து பேர். எனக்குப் படிக்கிற மேஜை என்று இருந்தது கவிழ்த்துப் போட்ட அன்னக்கூடை. அதன் மேல் நோட்டை வைத்து எழுதுவேன். அம்மா சோறு வடிக்கிற நேரம் வந்தால் மேஜை அடுப்பங்கரைக்குப் போய்விடும். பாதி வாக்கியத்தில் நோட்டைத் தூக்கிக்கொண்டு நிற்பேன். யாரும் வந்து உருவிக்கொண்டு போகாத ஒரு மேஜை எனக்கு நாற்பது வயதில்தான் கிடைத்தது.

2

கிடைத்த கதையைச் சொல்கிறேன். மூன்று வருஷத்துக்கு முன்னால் அலுவலகத்திலிருந்து இரண்டு பெரிய அட்டைப்பெட்டிகள் வந்து இறங்கின. ஒன்றில் மரக்கால் வைத்த மேஜை, இன்னொன்றில் கறுப்பு நாற்காலி. சக்கரம் ஐந்து, இழுக்கிற பிடி ஏழெட்டு. சேகர் வேர்க்க விறுவிறுக்க மாட்டிக் கொடுத்தார். நான் ஏறி உட்கார்ந்தேன். ஆமாம், ஏறித்தான் உட்கார்ந்தேன். நான் நாலடி பத்து அங்குலம்.

எந்தப் பிடியை எப்படி இழுத்தாலும் அந்த நாற்காலி ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்க மாட்டேன் என்றது. முன்னால் நகர்ந்து உட்கார்ந்தால் கட்டைவிரல் மட்டும் தரையைத் தொடும், முதுகு அந்தரத்தில் நிற்கும். முதுகைச் சாய்த்தால் கால் இரண்டும் காற்றில் தொங்கும். பத்து நாளில் தொடை மரத்துப் போனது, இடுப்பு கழன்று விழுந்துவிடும் போலிருந்தது.

இந்த நாட்டில் எனக்கு இது புதுசு இல்லை. சமையல் மேடை என் நெஞ்சுக்கு வரும், முக்காலி மேல் நின்றுதான் வெங்காயம் நறுக்குகிறேன். குளியலறைக் கண்ணாடியில் என் நெற்றி மட்டும் தெரியும். பேருந்தில் கம்பியைப் பிடித்தால் தொங்கிக்கொண்டு போக வேண்டியதுதான். பதினோரு வருஷமாக நான் பொட்டு வைக்கிற இடம் சரியா என்று பார்க்க அந்தக் கண்ணாடி ஒன்றுதான் எனக்கு ஒத்துழைக்கிறது, அதுவும் வேறு வழியில்லாமல்.

அப்போதே என்னைவிட உயர்ந்துவிட்ட யாழினி பள்ளி விட்டு வந்து அந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். பாதம் இரண்டும் தரையில் படிந்தன. ஒரு சுற்றுச் சுற்றினாள். அவளுக்கு அளவெடுத்துச் செய்த மாதிரி இருந்தது. பிள்ளைக்கு இந்த ஊர் நாற்காலி பொருந்திவிட்டதே என்று சந்தோஷப்படுவதா, வயிறு எரிவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தேன்.

மறுநாள் பக்கத்து வீட்டில் ரம்பம் இரவல் வாங்கி வந்து மேஜையின் நாலு காலையும் அறுத்தேன். எங்கள் ஊரில் கட்டில் உயரமாகப் பட்டால் காலை அறுப்பார்கள். அதற்கு யாரிடமும் மனு போட மாட்டார்கள். நம் வாசல்படி தாண்டி வந்த பொருள் நம் பொருள். சேகர் மட்டும், "ஆபீஸ் மேஜைம்மா அது" என்று முனகினார். அப்போது அது என் காதில் ஏறவில்லை.

அப்புறம் மூலையை என் இஷ்டத்துக்கு அமைத்தேன். ஊரிலிருந்து கொண்டுவந்த மணை, அதன் மேல் நாலாக மடித்த ஜமுக்காளம். முதுகுக்குச் சுவரும் ஒரு தலையணையும். வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து விழும்படி மேஜையைத் திருப்பினேன். திரையின் மேல் விளிம்பு கண்ணுக்கு நேராக வரும்வரை அடியில் பழைய அகராதிகளை அடுக்கினேன். எட்டுகிற தூரத்தில் தண்ணீர்ச் செம்பு. சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரத்துக்கு ஒரு தடவை காலை நீட்டி, கை ஊன்றி எழுந்து நடந்துவிட்டு வருவேன். இடுப்புவலி ஓடியே போனது. காகிதங்களில் நான் விடுகிற பிழையும் குறைந்தது. அறுத்த நாலு துண்டுகளையும் எறிய மனசு வராமல் எடுத்து வைத்தேன். நாற்காலி துணி காயப் போட உதவியது.

ஒரே ஒரு குறை. யாழினியின் சிநேகிதிகள் வருகிற அன்றைக்கு மட்டும் அவள் முன்கூட்டியே வந்து, "அம்மா, ப்ளீஸ், அவங்க போற வரைக்கும் சோஃபால உக்காருங்களேன்" என்பாள். நான் உட்கார மாட்டேன். அவளும் கேட்பதை விட மாட்டாள்.

3

சோதனைக்கு வந்தவர் பெயர் இங்கிரிட். என் வயதிருக்கும், என்னைவிட ஒன்றே கால் அடி உயரம். கையில் மடிக்கணினி, தோளில் அளவு நாடா. செருப்பைக் கழற்றச் சொன்னதும் முகம் சுளிக்காமல் கழற்றினார். நல்ல மனுஷிதான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் நான் அவரிடம் போட்ட சண்டையை வைத்துத் தப்பாக நினைத்துவிடாதீர்கள்.

என் மூலையைப் பார்த்ததும் நின்றுவிட்டார். "நாற்காலி எங்கே?" என்றார்.

"மேலே இருக்கிறது. துணி காய்கிறது."

"மேஜைக்கு என்ன ஆயிற்று?"

அப்போதுதான் டச்சு மொழி என் காலை வாரியது. அவர்கள் மொழியில் மனுஷன் காலுக்கு ஒரு சொல், மேஜைக் காலுக்கு வேறு சொல். நமக்கு எல்லாம் கால்தான். அவசரத்தில், "உயரமாக இருந்தது, அதனால் என் கால்களை ரம்பத்தால் அறுத்துவிட்டேன்" என்று சொல்லிவிட்டேன். இங்கிரிட்டின் பார்வை சட்டென்று என் பாதத்துக்கு இறங்கியது. அறையில் இருந்த யாழினி தலையில் அடித்துக்கொண்டு திருத்திச் சொன்னாள். திருத்திச் சொன்ன பிறகுதான் இங்கிரிட்டுக்கு உண்மையான அதிர்ச்சி.

"அது அலுவலகத்தின் சொத்து," என்றார்.

"தெரியும். துண்டுகள் பத்திரமாக இருக்கின்றன," என்றேன். நாலையும் கொண்டுவந்து காட்டினேன்.

அவர் மடிக்கணினியில் படிவத்தைத் திறந்தார். நாலாவது கேள்வி, நாற்காலி இருக்கையின் உயரம் எத்தனை சென்டிமீட்டர். பூஜ்யம் என்று போட்டார். படிவம் சிவப்பாக மாறிக் கத்தியது. நாற்பதிலிருந்து ஐம்பத்தைந்துக்குள் ஒரு எண் வேண்டுமாம். அதைப் போடாமல் ஐந்தாவது கேள்விக்குப் போக விடாதாம்.

"தரையில் உட்காருகிறேன் என்று எழுத இடம் இல்லையா?"

"இல்லை. யாரும் அப்படி உட்காருவதில்லை."

"நான் உட்காருகிறேனே."

இங்கிரிட் மடிக்கணினியை மூடிவிட்டுத் தணிந்த குரலில் ஒரு வழி சொன்னார். "புது மேஜை அனுப்பச் சொல்கிறேன். நீங்கள் அந்த நாற்காலியில் உட்கார்ந்து ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். படிவம் முடிந்துவிடும். அப்புறம் நீங்கள் எங்கே உட்காருகிறீர்கள் என்று நான் வந்து பார்க்கப் போவதில்லை." இரண்டு வாரம் தவணை கொடுத்துவிட்டுப் போனார்.

சாயங்காலம் சேகரிடம் சொன்னேன். "தங்கமான பொம்பள அது. ஒரு நிமிஷம் ஏறி உக்காந்து போட்டோ புடிச்சி அனுப்பிட்டு எறங்கிடேன். இதுல இன்னா கீது?" என்றார். அவர் சொன்னதில் ஒரு தப்பும் இல்லை. அதனால்தான் எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

4

படம் அனுப்பவில்லை. பதிலாக இரண்டு பக்கத்துக்கு ஒரு கடிதம் எழுத ஆரம்பித்தேன். தரையில் அமர்ந்து வேலை செய்வது எங்கள் மரபு, எங்கள் பண்பாடு, எங்கள் உடம்புக்கு உகந்தது என்று வரிக்கு வரி முழங்கினேன். எழுதுகிற வேகத்தில் எனக்கே புல்லரித்தது. சம்மணம் போட்டு வேலை செய்கிற மாதிரி யாழினியைப் படம் எடுக்கச் சொல்லி, 'எங்கே போனாலும் நம் வழக்கத்தை விடமாட்டேன்' என்று எழுதிச் சொந்தக்காரர்கள் குழுவில் போட்டேன். கைதட்டல் பொம்மையாக வந்து குவிந்தது. கள்ளக்குறிச்சியில் ஃபேன்சி ஸ்டோர் வைத்திருக்கும் என் சித்தப்பா மகன், 'தமிழச்சிடா' என்று போட்டான்.

மறுநாள் மத்தியானம் அம்மா கூப்பிட்டாள். என் அம்மா அஞ்சலை, அறுபத்தெட்டு வயது. கரும்பு வெட்டி, களை பறித்து, கல்வராயன் மலையிலிருந்து இறங்குகிற புளியைத் தட்டிக் கொட்டை எடுத்து எங்களை ஆளாக்கியவள். இன்றைக்கும் சும்மா இருக்க மாட்டாள்.

"இன்னாடி தேனு, இன்னா போட்டோ அது?"

"எதும்மா?"

"தரையில குந்திக்கினு வேல செய்யற போட்டோ. எதுத்த வூட்டு மலரு காமிச்சா. 'பாரு அஞ்சலக்கா, அம்மாந் தூரம் போயும் உன் பொண்ணு தரையிலதான் கீது'ன்னு சொல்லிச் சிரிக்கறா. மூஞ்ச எங்க வெச்சிக்கறதுன்னு தெரியல எனக்கு."

"அதுல இன்னாம்மா அசிங்கம் கீது? நம்ம வழக்கம்தான அது?"

"எவன்டி சொன்னான் வழக்கம்னு? நம்மள எவன் சேர்ல குந்தச் சொன்னான், நாம வேணாம்னு சொல்றதுக்கு?"

எனக்குச் சுருக்கென்றது. ஆனாலும் நான் அவள் வயிற்றில் பிறந்தவள், சும்மா விடுவேனா? "யம்மா, சும்மா கத்தாத. எனக்கு இதான் வசதி. அந்தச் சேரு எனக்கு எட்டல. கால் தொங்குது, தொட மரத்துப் போவுது."

"அப்ப கம்மி உசரத்துல ஒண்ணு கேக்கறதுதான?"

"கேக்கல."

"ஏன் கேக்கல?"

நான் ஜமுக்காளத்தின் மடிப்பை நீவினேன்.

"எட்டலன்னா எறங்கிப்புடுவியா நீ?" என்றாள் அம்மா. "போன திங்கக்கெழம பட்டா மனு குடுக்க கள்ளக்குறிச்சி கலெக்டர் ஆபீசுக்குப் போனன். வரிசையா சேர் போட்டு வெச்சிருந்தாங்கோ. குந்தினன். பக்கத்துச் சேர்ல யாருன்ற? பெரிய வூட்டுக்காரன் மவன். அவனும் ஒரு மனுவ எடுத்துக்கினு வந்து குந்திக்கினு கீறான். நான் நவுரல. கால நல்லா நீட்டிக் குந்தினன். உன்ன அங்க அனுப்பினது தரையில குந்தறதுக்கா?"

5

பெரிய வீடு என்றதும் எனக்குக் கன்னம் எரிந்தது. காரணம் இருக்கிறது.

அஞ்சாம் வகுப்பு முடித்ததும் என்னைக் கள்ளக்குறிச்சியில் ஆஸ்டலில் சேர்க்க வாத்தியார் ஒரு படிவம் கொடுத்தார். அதில் ஊர்த் தலைவர் கையெழுத்து வேண்டும். தலைவர் என்றால் பெரிய வீட்டுக்காரர், ஊரில் பாதிக் கரும்பு அவருடையது, அவர் நிலத்தில்தான் அம்மா வெட்டுக்குப் போவாள். காலையிலேயே போய் அவர் வீட்டு வாசலில், மண்ணில், குத்துக்காலிட்டுக் காத்திருந்தோம். அம்மாவோடு இன்னும் நாலைந்து பேர். பக்கத்தில் வேப்ப மரத்தடியில் ஒயர் பின்னிய நாற்காலி ஒன்று சும்மா கிடந்தது. பச்சை ஒயர். எனக்குக் கால் வலித்தது. சும்மாதானே கிடக்கிறது என்று எழுந்து போய் ஏறி உட்கார்ந்தேன். அன்றைக்கும் எனக்குக் கால் எட்டவில்லை. ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவர் கதவைத் திறந்து வெளியே வந்த அதே நொடியில் அம்மா பாய்ந்து வந்து என் கன்னத்தில் அறைந்தாள். நான் மண்ணில் போய் விழுந்தேன். அவர் சிரித்தார். "வுடு அஞ்சல, தெரியாம குந்திட்டுது" என்று சொல்லிவிட்டுப் படிவத்தை வாங்கிக் கையெழுத்துப் போட்டார். நாங்கள் தெருமுனை திரும்பும்போது பார்த்தேன், வேலைக்கார அம்மா ஒரு குடம் தண்ணீரை அந்த நாற்காலி மேல் ஊற்றிக்கொண்டிருந்தார்.

இத்தனை வருஷத்தில் அந்தக் குடம் தண்ணீரைக்கூட நான் மறந்திருக்கிறேன், கன்னத்தில் விழுந்த அந்த அறையை மறந்ததில்லை. அம்மாவைப் பற்றி யார் பெருமையாகப் பேசினாலும் உள்ளுக்குள் அது முணுக்கென்று வலிக்கும். இத்தனை காலம் கேட்காததை அன்றைக்கு ஃபோனில் கேட்டேன்.

"அன்னிக்கி ஏம்மா என்ன அப்பிடி அடிச்ச?"

 அம்மா சொன்னாள். "அவன் கை ஓங்கறதுக்கு முன்ன நான் ஓங்கிக்கினன். நான் அடிச்சா அடியோட போச்சி. அவன் அடிச்சிருந்தா கையெழுத்தும் இல்ல, ஆஸ்டலும் இல்ல. என்னாட்டம் கரும்பு வெட்டிக்கினு இருந்திருப்ப நீ. அடிச்ச கை அன்னிக்கி முச்சூடும் எரிஞ்சிது. சரி, வையி. சேர் வாங்கு மொதல்ல."

ஃபோனை வைத்துவிட்டாள். நான் என் மணையிலேயே உட்கார்ந்து அழுதேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், மூக்கு ஒழுக அழுதேன்.

6

அழுது முடித்ததும் அந்த இரண்டு பக்கக் கடிதத்தை எடுத்துப் படித்தேன். படிக்கப் படிக்க எரிச்சலாக வந்தது. எங்கள் மரபாம், பண்பாடாம். தரை எனக்குப் பிடிக்கும், அது நிஜம். ஆனால் நான் தரைக்கு வந்தது பிடித்ததால் இல்லை. இந்த நாட்டில் எனக்கு ஒரு நாற்காலி பொருந்தவில்லை, எனக்குப் பொருந்துகிற மாதிரி ஒன்று கொடுங்கள் என்று கேட்க வாய் வரவில்லை, அதனால் இறங்கினேன். இறங்கிவிட்டு அதற்குப் பண்பாடு என்று பெயர் வைத்தேன். கடிதத்தை அழித்தேன்.

அன்றைக்கு மூன்று மணிக்கு யாழினி வந்ததும், "என்னை அளந்து குடு" என்றேன். சுவரோடு நிற்க வைத்து, பெட்டி மேல் உட்கார வைத்து, புத்தகத்தை அடுக்கி, நாடாவைப் பிடித்து அளந்தாள். தரையிலிருந்து முழங்கால் மடிப்பு வரைக்கும் முப்பத்தேழு சென்டிமீட்டர். உட்கார்ந்தால் முழங்கை வரைக்கும் ஐம்பத்தெட்டு.

"அம்மா, நீங்க இவ்ளோ குட்டியா?" என்று சிரித்தாள்.

"குட்டி இல்லடி. இதான் அளவு."

ஏன் திடீரென்று இந்த அளவு என்று கேட்டாள். பச்சை ஒயர் நாற்காலிக் கதையைச் சொன்னேன். என் மகளிடம் இதுவரைக்கும் சொல்லாத கதை. கரும்பு, மலை, கோயில் எல்லாம் சொல்லியிருக்கிறேன், இதைச் சொன்னதில்லை. அவள் சிரிப்பு நின்றது. "தண்ணி ஏன் ஊத்தினாங்க?" என்றாள். ஏன் என்றும் சொன்னேன். எழுந்து போய்விட்டாள். கோபம் என்று நினைத்தேன். மடிக்கணினியோடு திரும்பி வந்து, அலுவலகம் அனுப்பிய விதிக் கையேட்டைத் திறந்து முதல் பக்கத்தைக் காட்டினாள். "இதப் படிங்க. பணியிடம் பணியாளருக்கு ஏத்த மாதிரி இருக்கணும்னு அவங்களே போட்டிருக்காங்க. நாற்காலிக்கு ஏத்த ஆள் வேணும்னு எங்கயும் போடல."

பதினோரு வருஷமாக விதிகளைப் பார்த்தால் நான் ஒதுங்கிப்போவேன். என் மகள் விதியைக் கையில் எடுத்துச் சண்டைக்குப் போகிறாள். இந்த ஊர் நாற்காலியில் அவள் பாதம் படிந்ததால் ஒரு லாபம் இருக்கத்தான் செய்கிறது.

மூன்றே வரியில் கடிதம் போனது. முப்பத்தேழுக்கு இறங்குகிற நாற்காலி வேண்டும். ஐம்பத்தெட்டுக்கு இறங்குகிற மேஜை வேண்டும். உங்கள் கையேட்டின் முதல் பக்கத்தைப் பார்க்கவும். இங்கிரிட் உடனே கூப்பிட்டார்.

"பட்டியலில் அப்படி ஒரு நாற்காலி இல்லை. காலுக்குக் கீழே வைக்க ஒரு பலகை அனுப்புகிறேன், அது எல்லோருக்கும் சரியாக இருக்கிறது."

"பலகை மேல் காலை வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் எப்படி நகருவது? நாற்காலி நகரும், பலகை நகராது."

"குழந்தைகளுக்கான பிரிவில் வேண்டுமானால் பார்க்கலாம்."

"நான் குழந்தை இல்லை. நாற்பத்து மூன்று வயது. பெரிய ஆள் நாற்காலிதான் வேண்டும், என் அளவில்."

"படிவம் நாற்பதுக்குக் கீழே எண்ணை எடுக்காது. இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லை."

"நான் கேட்கிறேன். படிவத்தை மாற்றுங்கள்."

இங்கிரிட் பெருமூச்சு விட்டார். கேட்டுப் பார்க்கிறேன், ஆனால் அதுவரைக்கும் அனுமதி நிறுத்திவைக்கப்படும் என்றார். "அந்த ஒரு படத்தை அனுப்பிவிட்டால் இந்தச் சிரமமே இல்லை," என்று மறுபடியும் சொன்னார். சேகரும் சொன்னார். நான் மாட்டேன் என்றேன். காலைத் தொங்கவிட்டுக்கொண்டு சிரித்த மாதிரி ஒரு படம் என் பெயரில் எந்தக் கோப்பிலும் இருக்கக் கூடாது.

ஆறு வாரம் ரயிலில் போய் வந்தேன். ஐந்து நாளும், போக ஒன்றரை மணி, வர ஒன்றரை மணி. அங்கேயும் அதே கறுப்பு நாற்காலிதான், பழைய கோப்புக் கட்டுகளைக் காலுக்குக் கீழே அடுக்கிக்கொண்டேன். வீடு திரும்பும்போது ஆறரை ஆகிவிடும். யாழினி அவள் அறையில் ஹெட்ஃபோனைக் காதில் மாட்டிக்கொண்டு இருப்பாள். நாலாவது வாரம் எனக்கு மனசு விட்டுப்போனது. ஒரு சனிக்கிழமை நாற்காலியில் கிடந்த துணியை எல்லாம் எடுத்துவிட்டு, ஃபோனை யாழினியிடம் நீட்டி, "ஒரே ஒரு படம் எடு, அனுப்பித் தொலைச்சிடலாம்" என்றேன்.

அவள் வாங்கவில்லை. "மூணு மணிக்கு வீட்ல யாரும் இல்லாதது எனக்கும்தான் பிடிக்கல. ஆனா எடுக்க மாட்டேன்" என்றாள். தமிழில்தான் சொன்னாள்.

7

ஏழாவது வாரம் நாற்காலி வந்தது. எங்கேயோ தேடிப் பிடித்துக் குட்டையான தண்டு மாட்டி அனுப்பியிருந்தார்கள். பொத்தானை அழுத்தினால் ஏறி இறங்குகிற மேஜையும் வந்தது. கொண்டுவந்த ஆள் பழைய மேஜையை எடுத்துப் போக வேண்டும் என்றார். கொடுத்தேன். கால் எங்கே என்றார். நாலு துண்டுகளையும் நாடாவால் கட்டி வைத்திருந்தேன், அதையும் கொடுத்தேன். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

உட்கார்ந்தேன். இந்தத் தடவை ஏறவில்லை. முதுகு சாய்ந்திருந்தது, பாதம் இரண்டும் தரையில் முழுசாகப் படிந்திருந்தன. அம்மாவுக்கு வீடியோவில் கூப்பிட்டேன்.

"குந்து, பாக்கறன். மூஞ்சிய காமிக்காத, கால காமி" என்றாள்.

காட்டினேன். ரொம்ப நேரம் பார்த்தாள். "ம். நல்லாத்தான் கீது" என்றாள். அதற்கு மேல் அவள் புகழ மாட்டாள்.

"நீ எதுலம்மா குந்திக்கினு கீற?"

அவள் ஃபோனைத் திருப்பினாள். வாசலில் சாக்கு விரித்து, காலை நீட்டி, மடியில் மலைப் புளியை வைத்துக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். எனக்கு வந்ததே கோபம். "என்னக் கிழி கிழின்னு கிழிச்சிட்டு நீ மட்டும் தரையில குந்திக்கினு கீற?"

"சேரு உள்ள கீதுடி. தோணுனா குந்துவன், தோணலன்னா தரையில குந்துவன். என்ன எவன் கேக்கறது?" என்று சிரித்தாள். அப்புறம் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னாள். "ஒண்ணு கேட்டுக்க தேனு. ஆள் வந்ததும் எந்திரிச்சிட்டா அது உன் சேரு இல்ல."

நான் மணையையும் ஜமுக்காளத்தையும் எடுக்கவில்லை. நாற்காலி வந்த பெட்டியைக் கவிழ்த்துப் போட்டால் தரைக்கும் ஒரு மேஜை ஆகிவிடுகிறது. தோன்றினால் அங்கே, தோன்றினால் இங்கே.

இரண்டு நாள் கழித்து, மூன்று மணிக்குக் கொஞ்சம் பிறகு இங்கிரிட் கடைசிச் சோதனைக்கு வந்தார். மணி அடித்தது. வீட்டுக்கு யார் வந்தாலும் துள்ளி எழுந்து ஓடுகிற பழக்கம் எனக்கு. ஊரில் பழகியது, இங்கேயும் விடவில்லை. தொடை தானாக எழும்பியது. கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டேன். யாழினி என்னைப் பார்த்தாள், அவளே போய்க் கதவைத் திறந்தாள்.

இங்கிரிட் செருப்பைக் கழற்றிவிட்டு வந்து வணக்கம் சொன்னார். நானும் உட்கார்ந்தபடியே சொன்னேன். அளவு நாடாவை எடுத்து முதலில் குனிந்து பார்த்தார், எட்டவில்லை. அவர் உயரத்துக்கு என் நாற்காலி ரொம்பத் தாழ்வு. தரையில் மண்டியிட்டார். என் பாதத்துக்குப் பக்கத்தில் நாடாவின் முனையை ஊன்றி, இருக்கை வரைக்கும் இழுத்துப் பார்த்தார்.

"முப்பத்தேழு," என்றார்.

அப்படியே என் ஜமுக்காளத்தில் உட்கார்ந்து, மடிக்கணினியை மடியில் வைத்து, நாலாவது கேள்வியில் முப்பத்தேழு என்று அடித்தார். நாங்கள் மூன்று பேரும் திரையைப் பார்த்தோம். சிவப்பாகவில்லை. ஐந்தாவது கேள்வி வந்தது.

வந்தவருக்கு ஒரு டீ போட வேண்டுமே என்று எனக்குக் கால் பரபரத்தது. யாழினியைப் போடச் சொன்னேன். இங்கிரிட் தரையிலிருந்து ஒவ்வொரு கேள்வியாகக் கேட்டார், நான் நாற்காலியிலிருந்து பதில் சொன்னேன். கடைசிக் கேள்வி முடிகிறவரைக்கும் நான் எழுந்திருக்கவில்லை.